நம்ம வீட்டு மரத்தை வெட்ட யாரைக் கேட்கணும்?



"என் நிலம், என் மரம், நான் தண்ணி ஊத்தி வளர்த்தது. வெட்ட எவனைக் கேட்கணும்?" மரம் நடச் சொல்லிப் போகிற ஊரிலெல்லாம் இந்தக் கேள்வி வரும். அதே கூட்டத்தில் இன்னொருவர் எழுந்து, "அய்யா, தேக்கு வச்சா வெட்ட விடமாட்டாங்களாம். எதுக்கு அந்த வம்பு?" என்பார். ஒருத்தர் கேட்காமலே வெட்டுகிறார், இன்னொருத்தர் பயந்துகொண்டு நடாமலே இருக்கிறார். விதி தெரியாததால் இரண்டு வகையிலும் மரம்தான் குறைகிறது. அதனால் இந்த இதழில் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் என் தப்பையே சொல்லிவிடுகிறேன். எங்க வீட்டு வாசலில் ஒரு வேப்பமரம் நின்றது. அப்பா நட்டது. மாட்டுக்கொட்டகையை முன்பக்கம் இழுத்துக் கட்ட வேண்டி அதை விலை பேசி விற்றேன். மரம் விழுந்த மறுநாள் ஊரில் யாரோ மனு போட்டுவிட்டார்கள். சர்வேயர் வந்து சங்கிலி பிடித்துப் பார்த்தார். வேரடி எங்க மனைக்கு வெளியே, தெருப் புறம்போக்கில் நாலடி தள்ளி இருந்தது. அப்பா காலத்தில் வேலி எங்கே இருந்ததோ அதையே எல்லை என்று நினைத்துவிட்டோம். மரம் விற்ற காசைவிட அபராதமும் அலைச்சலும் அதிகம். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் தெரிந்துகொண்டது இதுதான்: மரத்தில் கை வைக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எந்த நிலம்? எந்த மரம்? எந்த ஊர்?

முதல் கேள்வி: மரம் யார் நிலத்தில் நிற்கிறது?

மரம் வளர்த்தவருக்குச் சொந்தம் என்று நாம் நினைக்கிறோம். வருவாய்த்துறைக் கணக்கு அப்படிப் பார்ப்பதில்லை. வேர் நிற்கிற நிலம் யாருடையதோ, மரமும் அவருடையது. அதனால் முதலில் பார்க்க வேண்டியது பட்டாவும் புல வரைபடமும். எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் என்று வி.ஏ.ஓ. அலுவலகத்தில் சொல்வார்களே, அதுதான். பட்டாவையும் புல வரைபடத்தையும் இப்போது அரசின் இணையச் சேவையிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டு மனையில் இன்னொரு சிக்கல். கிராமத்தில் பெரும்பாலான வீடுகள் நத்தத்தில் இருக்கின்றன. நத்தம் பட்டா வாங்கி வைத்திருப்போம், ஆனால் மனையின் நீள அகலம் தெரியாது. வாசல் மரம், வேலியோர மரம், சந்து ஓரத்து மரம் மூன்றையும் அளக்காமல் தொடக்கூடாது. சர்வேயருக்குக் கட்டுகிற அளவைக் கட்டணம், பின்னால் வரும் அபராதத்தைவிடக் குறைவு.

நிலத்தை வைத்துப் பார்த்தால் நான்கு வகை வரும்.

1. தனிப்பட்டா. முடிவு உங்களுடையது. அடுத்த கேள்விக்குப் போகலாம்.

2. கூட்டுப்பட்டா. அண்ணன், தம்பி, அத்தை என்று பல பேர் இருந்தால் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். "தம்பிதான், ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்று வெட்டிய மரத்தால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

3. அரசு ஒப்படை செய்த நிலம். பட்டாவில் நிபந்தனைகள் இருக்கும். தாசில்தார் அலுவலகத்தில் அந்த நிபந்தனைகளைப் படித்துப் பார்க்காமல் வெட்டக்கூடாது.

4. புறம்போக்கு, சாலையோரம், ஏரிக்கரை, பொதுக்கிணற்று மேடு. நீங்களே நட்டிருந்தாலும் மரம் உங்களுடையது இல்லை. சில ஊர்களில் புறம்போக்கு மரங்களுக்கு 2சி பட்டா என்கிற மரப்பட்டா கொடுத்திருப்பார்கள். அது புளி, இளநீர் போன்ற பலனை எடுத்துக்கொள்ளும் உரிமை. வெட்டி விற்கும் உரிமை என்று அதை நினைத்துக்கொள்ளக் கூடாது. பொது நிலத்து மரத்தை அகற்ற வேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான பசுமைக் குழு பார்த்து முடிவு செய்யும் ஏற்பாடு இருக்கிறது. ஊராட்சித் தலைவர் வாய்வார்த்தையாகச் சொன்னார் என்பது அனுமதி ஆகாது.

அடுத்தவர் நிலத்து மரத்தை வெட்டி எடுத்துப் போனால் அது திருட்டு வழக்காகவே வரலாம். மண்ணில் நிற்கிறவரை மரம் அசையாச் சொத்து. வெட்டிச் சாய்த்த நிமிஷமே அசையும் பொருளாகிவிடுகிறது.

இரண்டாம் கேள்வி: என்ன மரம்?

நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு விஷயம்: சமவெளியில், சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கிற எல்லா மரத்துக்கும் அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லும் பொதுவான மரப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. கர்நாடகத்தில் 1976-லேயே அப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. டில்லியில் 1994-இல் வந்தது. அங்கெல்லாம் வீட்டு முற்றத்து மரத்துக்கும் மர அலுவலரிடம் போக வேண்டும், விலக்கு கொடுத்த இனங்கள் தவிர. ஓசூர்க்காரர்கள் பெங்களூரில் கேட்டதை வைத்துக்கொண்டு இங்கே பயப்படுவதும், இங்கே உள்ள பழக்கத்தை நம்பி அங்கே வெட்டுவதும் இரண்டுமே தப்பு.

இங்கே சில மரங்களுக்குத் தனி விதி இருக்கிறது. அந்தப் பட்டியல் மனப்பாடமாகத் தெரிய வேண்டும்.

பனை. நம்ம மாநில மரம். சொந்த நிலத்தில் இருந்தாலும், தவிர்க்க முடியாமல் வெட்ட வேண்டி வந்தால் மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. செங்கல் சூளைக்குப் பனை போனதைப் பார்த்து வயிறெரிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சந்தனம். ஒரு காலத்தில் நம்ம கொல்லையில் தானாக முளைத்தாலும் அது அரசுக்குச் சொந்தம் போலத்தான். 2002-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு பட்டா நிலத்துச் சந்தனம் நிலத்துக்காரருக்கே சொந்தம். 2008-இல் இதற்குத் தனி விதிகளும் வந்தன. ஆனால் நீங்களே வெட்டவோ, வியாபாரிக்கு நேராக விற்கவோ முடியாது. வனத்துறைக்கு எழுதிக் கொடுத்து அவர்கள் வழியாகத்தான் நடக்கும். காய்ந்து விழுந்த கிளையைக்கூட எடுத்து வீட்டுக்குள் வைக்காதீர்கள். சந்தனக்கட்டை கையிருப்புக்கே தனி விதி இருக்கிறது.

ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வோம். இதைக் காப்பதற்கென்றே 1994-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். அது காலவரையறை வைத்துப் போட்ட சட்டம். அதனால் இன்றைக்கு என்ன நிலை என்று வனச்சரக அலுவலரிடம் எழுத்தில் கேட்டுவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

தேக்கு, செம்மரம். வெட்டுவதைவிட எடுத்துப் போவதில்தான் இவற்றுக்குச் சிக்கல். அதைத் தனியாகச் சொல்கிறேன்.

வேம்பு, புளி, வாகை, பூவரசு, மா, பலா, தென்னை, முருங்கை போன்றவற்றுக்கு, சமவெளியில் சொந்தப் பட்டாவில் இருந்தால் இப்படித் தனி விதி கிடையாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், "பெர்மிட் வாங்கணும், செலவு இருக்கு" என்று சொல்லியே வியாபாரிகள் வாகை மரத்தைப் பாதி விலைக்குக் கேட்கிறார்கள். இல்லாத பெர்மிட்டுக்கு நாம் காசு கழித்துக் கொடுக்கிறோம்.

மூன்றாம் கேள்வி: எந்த ஊர்?

மலையில் இருக்கிறீர்கள் என்றால் மேலே சொன்ன சலுகை பொருந்தாது. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்று அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் சொந்த நிலத்து மரமானாலும் மாவட்டக் குழுவின் அனுமதி வேண்டும். அங்கே ஒரு மரம் போனால் மழையில் மண்ணும் கூடவே போகும், கீழே இருக்கிற வீட்டுக்கு ஆபத்து. அதற்காகத்தான் இந்தக் கட்டுப்பாடு.

மலையடிவாரத்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 1949-ஆம் வருஷத்துத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் சில பட்டா நிலங்களே தனியார் காடு என்று வந்திருக்கும். உங்கள் சர்வே எண் அதில் இருக்கிறதா என்று மாவட்ட வன அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நிலம் வாங்கும் முன்பே கேட்டால் இன்னும் நல்லது.

நகரத்தில் மனை வைத்திருப்பவர்கள் மாநகராட்சி அல்லது நகராட்சியில் கேட்காமல் பெரிய மரத்தைத் தொடாதீர்கள். சுற்றுச்சுவருக்கு வெளியே, நடைபாதையில் நிற்கும் மரம் எப்போதுமே பொது மரம்தான்.

வெட்டுவது வேறு, ஏற்றிப் போவது வேறு

இதைத்தான் நம்ம ஆட்கள் அதிகம் குழப்பிக்கொள்கிறார்கள். உங்கள் நிலத்தில் மரம் வெட்டுவது ஒரு காரியம். அந்தக் கட்டையை லாரியில் ஏற்றி ரோட்டில் கொண்டுபோவது இன்னொரு காரியம். இரண்டாவதுக்கு 1968-ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகள் இருக்கின்றன. தேக்கு போன்ற விலையுயர்ந்த இனங்களை ஏற்றிப் போக வனத்துறையின் அனுமதிச்சீட்டு வேண்டும். அது இல்லாத லாரியைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினால், உங்கள் தோட்டத்து மரமா, காட்டிலிருந்து திருடியதா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நிரூபிக்க வேண்டிய வேலை உங்கள் தலையில் விழும்.

அதனால் தேக்கு வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை: மரம் நிற்கும்போதே வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். நின்ற மரத்தைப் பார்த்து, எண்ணி, சுற்றளவு அளந்துவிட்டால் பின்னால் சந்தேகமே வராது. வெட்டிப் போட்டுவிட்டு ஓடினால் வெயிலில் கட்டை வெடிக்கும், வியாபாரி விலையைக் குறைப்பான்.

எங்க பெரியப்பா வீட்டுப் பின்கட்டில் தேக்கு வரிசை இருந்தது. "பேப்பர் வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்ற வியாபாரிக்கு அப்படியே விட்டுவிட்டார். பேப்பர் வேலை என்று கணக்கு எழுதி விலையில் பெரும்பங்கைக் கழித்தான். அடுத்த வருஷம் மீதி மரத்துக்குப் பெரியப்பாவே பட்டா, அடங்கல், வி.ஏ.ஓ. சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு போனார். நாலு முறை நடக்க வேண்டியிருந்தது, ஆனால் காசு வீட்டுக்கு வந்தது.

மாநிலம் விட்டு மாநிலம் போகிற மரத்துக்காக 2023 டிசம்பரில் மத்திய அரசு தேசியப் போக்குவரத்து அனுமதி முறையை இணையத்தில் கொண்டுவந்தது. கேரளத்துக்கோ ஆந்திரத்துக்கோ விற்பவர்கள் இதைப் பற்றி ரேஞ்சர் அலுவலகத்தில் கேளுங்கள்.

விழப்போகிற மரம், பக்கத்து வீட்டு மரம், மின்கம்பி

வீட்டு மரத்தில் சண்டை வருவது பெரும்பாலும் இந்த மூன்றில்தான்.

பக்கத்து மனை மரம் உள்ளே கூடு விட்டு, சாய்ந்து, உங்கள் கூரைமேல் விழப் பார்க்கிறது. சொன்னால் கேட்கவில்லை. அப்போது நீங்களே இரவில் போய் வெட்டக்கூடாது. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். விழுந்து ஆட்களுக்குக் காயம் ஏற்படுத்தக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 133. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் பிரிவு 152. மரத்துக்காரர் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லவும் அதில் இடம் இருக்கிறது.

கிளை மட்டும் உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், உங்கள் எல்லைக்குள் வந்த அளவுக்கு வெட்டலாம் என்பதே பொதுவாக நீதிமன்றங்கள் ஏற்ற நிலை. ஆனால் அவர் மனைக்குள் ஏறிப்போய் வெட்டக்கூடாது, மரமே சாகிற மாதிரி வெட்டக்கூடாது. முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்டினால் மனுவே தேவைப்படாது.

மின்கம்பி விஷயம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. கம்பிக்கு இடைஞ்சலான மரத்தை அகற்ற 2003 மின்சாரச் சட்டத்தின் 68-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அதற்கு நிர்வாக நடுவரின் உத்தரவு வாங்க வேண்டும். கம்பி வருவதற்கு முன்பே மரம் அங்கே இருந்தது என்றால் மரத்துக்காரருக்கு நியாயமான இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. அதனால் புதிதாகக் கம்பம் நடும்போதே உங்கள் மரங்களைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அடங்கலில் மரக்கணக்கையும் ஏற்றச் சொல்லுங்கள். மரம் முன்னாடியா கம்பி முன்னாடியா என்று கேட்கிற நாளில் அதுதான் பேசும்.

மனு எழுதும்போது

மனுவில் இந்த விவரங்கள் இருந்தால் போதும், அலங்காரம் வேண்டாம்.

1. பெயர், முகவரி, ஊர், வட்டம்.
2. சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண். பட்டா நகலும் புல வரைபடமும் இணைப்பு.
3. மரத்தின் பெயர், எண்ணிக்கை, மார்பளவு உயரத்தில் சுற்றளவு, தோராயமான வயது.
4. மனையில் மரம் நிற்கும் இடம். கையாலேயே ஒரு படம் வரைந்து எல்லையிலிருந்து எத்தனை அடி என்று குறிக்கலாம்.
5. காரணம். "ஆபத்து" என்று ஒரே சொல்லில் முடிக்காமல், "அடிமரம் கூடு விட்டிருக்கிறது, மேற்குப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கீழே சமையலறை" என்று எழுதுங்கள். நாலு பக்கமும் எடுத்த படம் சேருங்கள்.
6. பதிலுக்கு என்ன மரம், எங்கே நடுவீர்கள்.

இரண்டு படி எழுதி, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவின் நிலையைக் கேட்க அந்தத் தேதி வேண்டும். அனுமதி கையில் வருகிற வரைக்கும் மெஷின் ரம்பத்தை வரச் சொல்லாதீர்கள்.

வெட்டித்தான் ஆகணுமா?

சட்டம் விட்டாலும் நம்ம மனசு கேட்க வேண்டிய கேள்வி இது. "இலை குப்பை விழுது" என்பது காரணமே இல்லை. இயற்கை உழவருக்கு அது மூடாக்கு. "காத்துக்கு விழுந்துடும்" என்றால் பெரும்பாலும் கவாத்து போதும். ஐப்பசி மழைக்கு முன்னால் புரட்டாசியிலேயே பாரமான கிளைகளைக் குறைத்துவிடலாம். ஒரே தடவையில் தலையில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மொட்டை அடித்த மரம் அவசரத்தில் விடுகிற போத்துகளுக்குப் பிடிமானம் இருக்காது, அடுத்த காற்றில் அதுதான் முதலில் ஒடியும்.

பெரிய கிளைக்கு மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கிளையின் கீழ்ப்பக்கம் கால் பங்கு ஆழம் முதல் வெட்டு. அதற்குக் கொஞ்சம் வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு, கிளை விழுந்துவிடும். மிச்சக் குச்சத்தை, கிளை தொடங்கும் இடத்தில் தடித்திருக்கும் வளையத்தைக் காயப்படுத்தாமல் மூன்றாவதாக எடுக்கணும். இப்படிச் செய்தால் பட்டை உரிந்து தொங்காது, காயமும் சீக்கிரம் மூடும்.

அப்புறம் மேலே ஒரு பார்வை பாருங்கள். கூடு இருக்கிறதா? முட்டை, குஞ்சு இருந்தால் பறந்து போகும்வரை காத்திருங்கள். காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972, பாதுகாக்கப்பட்ட பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதையும் வேட்டை என்றே வைத்திருக்கிறது. கொக்கு தங்குகிற மரத்துக்காகப் பட்டாசு வெடிக்காமல் தீபாவளி கொண்டாடுகிற கொள்ளுக்குடிப்பட்டி நம்ம சிவகங்கைப் பக்கம்தானே இருக்கிறது? நாம் ஒரு மாதம் பொறுக்கலாம்.

விதியும் மாறணும்

ஒன்று சொல்லாமல் விட்டால் பாடம் முழுமை ஆகாது. மரம் வளர்ப்பவனையும் மரம் திருடுபவனையும் ஒரே சங்கிலியில் கட்டுகிற விதிகள் இருக்கத்தான் செய்கின்றன. வெட்டவும் கொண்டுபோகவும் உள்ள கட்டுப்பாடுகள் உழவர்களை மரம் நடவிடாமல் தடுக்கின்றன என்பதை 2014-இல் வந்த தேசிய வேளாண்காடுகள் கொள்கையே ஒத்துக்கொண்டது. விவசாய நில மரங்களுக்கான மாதிரி விதிகளை 2025 ஜூனில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பியது. மாதிரி விதி சட்டம் ஆகாது, மாநிலம் எடுத்துக்கொண்டால்தான் பயன். நட்ட மரத்தைப் பதிவு செய்யும் வசதி ஊரளவிலேயே வேண்டும், மனுவுக்குக் கெடு வைத்துப் பதில் வேண்டும் என்று கேட்பது நம்ம வேலை. ஆனால் வயலில் கம்பெனித் தோப்பு போடுவதற்கும், நாட்டு மரத்தைத் துடைத்தெறிவதற்கும் அந்தத் தளர்வு வாசலாகிவிடக் கூடாது. அதையும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்த நட்டம். வாசல் வேம்பு இருந்தவரைக்கும் ஆடி மாதம் அம்மா பழம் பொறுக்கிக் காயவைத்து விடுவார். ஐந்து கிலோ வேப்பம்பருப்பை இடித்து ஊறவைத்து, 100 லிட்டர் கரைசலாக்கி நெல்லுக்கு அடிப்போம். பூச்சிக்கென்று ஒரு ரூபாய் வெளியே போனதில்லை. மரம் போன மறுவருஷம் நான் வேப்பங்கொட்டையை விலைக்கு வாங்கினேன். வாங்கி வந்த மூட்டையைப் பார்த்துவிட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை, பிரித்துப் பூஞ்சணம் பிடித்ததைத் தனியாகப் பொறுக்க உட்கார்ந்துவிட்டார். அந்தக் கொட்டையில் முளைத்த ஒன்றை இப்போது மனைக்குள், எல்லைக் கல்லிலிருந்து பத்தடி உள்ளே வைத்திருக்கிறேன். இந்த முறை நட்டதற்கு முன்பே அளந்தாயிற்று.

குழுக் கூட்டத்தில் பேச

• உங்கள் வீட்டு மனையில், வேலியில் எத்தனை மரம்? அவற்றில் அளந்து உறுதி செய்தது எத்தனை?
• அடங்கலில் உங்கள் மரக்கணக்கு ஏறியிருக்கிறதா? அடுத்த கூட்டத்துக்கு நகல் எடுத்து வாருங்கள்.
• உங்கள் ஊரில் கடைசியாக விற்ற மரத்துக்கு "பெர்மிட் செலவு" என்று எவ்வளவு கழித்தார்கள்? அந்த மரத்துக்கு உண்மையிலேயே அனுமதி தேவைப்பட்டதா?